மியூனிக்கிலிருந்து குறைந்த செலவில் பனிச்சறுக்கு: முதல் மூன்று நாளுக்கான முழு வழிகாட்டி

மியூனிக்கில் கார் இல்லாமல் வசிக்கிற, ஸ்கீ பலகையைக் காலில் மாட்டியே பார்க்காத பெரியவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்புறம் ஆறு குளிர்காலமாக அலுவலக நண்பர்களையும் அவர்கள் வீட்டாரையும் கூட்டிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இதில் பணம் வீணாவது விலை அதிகம் என்பதால் இல்லை, வரிசை மாறுவதால்தான். முதலில் பளபளவென்று ஜாக்கெட் வாங்குவார்கள். அடுத்து ஆஸ்திரியாவில் மூன்று நாளுக்கு அறை போடுவார்கள். பூட்ஸ் பற்றி மலையடிவாரத்தில்தான் யோசிப்பார்கள். காப்பீடு பற்றி விழுந்த பிறகு. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் இதுதான் வரும்.

1. காப்பீடு (அக்டோபர், நவம்பரில்)

ஜெர்மனியில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்றால், கால் உடைந்தால் சிகிச்சைக்குக் கவலை இல்லை. இடிப்பது மீட்புச் செலவில். ஆஸ்திரியாவில் சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் ஆயிரக்கணக்கான யூரோவுக்கு பில் வீட்டுக்கு வரலாம். ஐரோப்பிய மருத்துவ அட்டை அதை ஏற்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மலிவான வழி, ஜெர்மன் ஆல்பைன் கிளப்பில் உறுப்பினராவது. எல்லாரும் டி.ஏ.வி. என்றுதான் சொல்வார்கள். உறுப்பினர் சந்தாவிலேயே மலைவிபத்து மீட்புக்கு 25,000 யூரோ வரை காப்பீடு அடங்கும். சரிவில் ஸ்கீ ஓட்டுவதும் அதில் சேர்த்தி. சந்தா காலண்டர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு வேண்டாம் என்றால் செப்டம்பர் 30-க்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அக்டோபரில் நினைவு வந்து பயனில்லை.

அடுத்தது ஹாஃப்ட்ஃப்ளிக்ட், அதாவது நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. ஜெர்மனியில் பலர் இதை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். புதிதாகக் கற்பவர் நின்றுகொண்டிருப்பவர் மேல் போய் மோதுவது ரொம்ப சகஜம். பின்னாளில் இத்தாலி பக்கம் போகும் எண்ணம் இருந்தால் கவனியுங்கள்: 2022 ஜனவரியிலிருந்து அங்கே சரிவில் இறங்க இந்தக் காப்பீடு கட்டாயம்.

மாணவர்களும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரும் பயணக் காப்பீட்டுத் தாளில் குளிர்கால விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று ஒரு முறை படித்துவிடுவது நல்லது. பல தாள்களில் அது இருக்கும்.

2. தேதி

கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை வேண்டாம். பிப்ரவரி வாக்கில் பவேரியப் பள்ளிகளுக்கு ஒரு வாரம் ஃபாஷிங் விடுமுறை வரும், அதுவும் வேண்டாம். கூட்டத்தில் நேரம், சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டின் வரிசையிலேயே போய்விடும். அதைவிட, பயிற்சிச் சரிவில் இடமே இருக்காது.

ஜனவரி நடுவிலிருந்து மாத முடிவுக்குள் ஒரு வார நாளில் விடுப்பு எடுங்கள். மியூனிக்குக்குப் பக்கத்து மலைகள் உயரம் குறைந்தவை. லெங்க்ரீஸ் ஊரின் பிரவ்னெக் மலை உச்சியே 1,555 மீட்டர்தான், அடிவாரம் 700 மீட்டரை ஒட்டியது. டிசம்பரிலும் மார்ச்சிலும் அடிவாரத்தில் பனிக்குப் பதில் மழை பெய்வது உண்டு. அதனால் தேதியை முன்கூட்டியே பூட்டிவிடாதீர்கள். முந்தின நாள் மாலை அந்த இடத்தின் வெப்கேமராவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். "லிஃப்ட் இயங்குகிறது" என்ற அறிவிப்பு உச்சியைப் பற்றியதாக இருக்கலாம். நமக்கு வேண்டியது அடிவாரத்துப் பயிற்சிச் சரிவு.

3. இடமும் ரயிலும்

முதல் இரண்டு நாளுக்குப் பெரிய மலை தேவையே இல்லை. நீங்கள் புழங்கப்போவது நூறு மீட்டர் சரிவில். அது லெங்க்ரீஸில் இருந்தாலும் ஆஸ்திரியாவின் பெயர்பெற்ற ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். விலை மட்டும்தான் மாறும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில்களுக்கான மாதச் சீட்டு) வைத்திருப்பவர்களுக்கு ரயில் செலவே கிடையாது. லெங்க்ரீஸ், பைரிஷ்ட்ஸெல், கார்மிஷ் எல்லாவற்றுக்கும் உள்ளூர் ரயிலிலேயே போகலாம். அது இல்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து பவேரியா டிக்கெட் என்கிற ஒரு நாள் சீட்டு எடுக்கலாம். ஆனால் வார நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அது செல்லும். ஒன்பது மணி ரயிலைப் பிடித்தால் காலை வகுப்பு தவறிவிடும். லிஃப்ட் பாஸும் ரயிலும் சேர்ந்த கூட்டுச் சீட்டும் விற்பார்கள். முழு நாள் பாஸ் வாங்கும் நிலைக்கு வந்த பிறகு அது லாபம், முதல் நாளில் இல்லை.

இனி, நான் கூட்டிப் போனவர்களில் குறைந்தது மூன்று பேர் மாட்டிக்கொண்ட விஷயம். மியூனிக்கிலிருந்து லெங்க்ரீஸ், பைரிஷ்ட்ஸெல் பக்கம் போகும் ரயில் வழியில் பிரியும். ஹோல்ஸ்கிர்ஷெனில் பைரிஷ்ட்ஸெல் போகும் பெட்டிகள் கழன்றுகொள்ளும், ஷாஃப்ட்லாக்கில் லெங்க்ரீஸும் டேகர்ன்ஸேயும் பிரியும். ஏறிய பெட்டி எந்த ஊருக்கு என்பது பெட்டியின் வெளியிலும் உள்ளே திரையிலும் போட்டிருக்கும். கூட்டமாக இருக்கிறதே என்று பக்கத்துப் பெட்டிக்கு மாறி உட்கார்ந்த நண்பர் ஒருவர், எங்களுக்குக் கையசைத்துக்கொண்டே டேகர்ன்ஸே ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

லெங்க்ரீஸ் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்கு ஸ்கீ பஸ் உண்டு. காலில் ஸ்கீ பூட்ஸ் இல்லாதவரை நடந்தும் போய்விடலாம்.

4. உடை: வாங்காதீர்கள், சேருங்கள்

கட்டாயம் வேண்டியவை நான்கு. தண்ணீர் புகாத கால்சட்டை, தண்ணீர் புகாத கையுறை, ஸ்கீ கண்ணாடி (காகிள்ஸ்), ஹெல்மெட். ஹெல்மெட்டை வாடகைக்கே எடுக்கலாம். கால்சட்டை ஏன் முக்கியம் என்றால், முதல் நாளில் பாதி நேரம் பனியில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். ஜீன்ஸ் பத்து நிமிடத்தில் நனைந்து, இருபதாவது நிமிடத்தில் விறைத்துவிடும்.

ஜாக்கெட்டுக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். உள்ளே வியர்வையை இழுக்கும் பனியன், மேலே ஃப்ளீஸ், அதன் மேல் வீட்டிலிருக்கும் மழைக்கோட்டு, போதும். பருத்தி பனியன் மட்டும் கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றவுடன் நடுங்க வைக்கும். அல்டி, லிடில் போன்ற கடைகளில் குளிர்காலத் தொடக்கத்தில் ஸ்கீ உடை மலிவாக வரும், சீக்கிரமே தீர்ந்தும் போகும்.

சால்வை, தொங்கும் துப்பட்டா, வெளியே தெரிகிற சங்கிலி எதுவும் வேண்டாம். இழுவை லிஃப்டில், அதாவது நின்றபடியே நம்மை மேலே இழுத்துப் போகும் லிஃப்டில், மாட்டினால் ஆபத்து. கழுத்துக்குக் குழாய்த்துணி போடுங்கள். ஊரிலிருந்து வந்த குரங்குக் குல்லாய்க்கு ஹெல்மெட்டுக்குள் இடம் இல்லை, ரயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முகத்துக்கு சன்ஸ்கிரீன் அவசியம். பனி வெயிலை அப்படியே திருப்பி அடிக்கும். நம் தோல் கறுத்த தோல்தானே, ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் போனவர்கள் மூக்குத்தோல் உரிந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

5. பூட்ஸ்: எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்

முதல் மூன்று நாளுக்கு எல்லாமே வாடகைதான். நகரத்தில் எடுத்தால் கொஞ்சம் மலிவு, ஆனாலும் முதல் முறை மலையடிவாரக் கடையில்தான் எடுக்க வேண்டும். காரணம் ஒன்றே. பூட்ஸ் வலித்தால் பதினொரு மணிக்குத் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாம். நகரத்தில் எடுத்த பூட்ஸ் வலித்தால் அந்த நாள் முடிந்தது.

அளவு செண்டிமீட்டரில் இருக்கும். 26.5 என்றால் பாத நீளம் 26.5 செண்டிமீட்டர். செருப்பு அளவைச் சொல்லாதீர்கள், சுவரோரம் குதிகாலை வைத்து வீட்டிலேயே அளந்து போங்கள்.

பொருந்துகிறதா என்று பார்ப்பது இப்படி. பக்கிள்களை மாட்டி நேராக நிற்கும்போது விரல்கள் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல்கள் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. புதியவர்கள் "டைட்டாக இருக்கிறது" என்று ஒரு அளவு கூட்டிக் கேட்பார்கள். அதுதான் தப்பு. பெரிய பூட்ஸில் கால் உள்ளே வழுக்கும். நீங்கள் திருப்பினால் கால் திரும்பும், பலகை திரும்பாது. பிடிப்பு போதவில்லை என்று பக்கிளை இன்னும் இறுக்குவீர்கள், கால் மரத்துப் போகும்.

சாக்ஸ் ஒன்றே ஒன்று, முழங்கால் வரை நீளமானது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குளிருக்கு பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு, தெர்மல் கால்சட்டையின் நுனியையும் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டார். மதியம் கழற்றியபோது கணுக்காலுக்கு மேலே அந்தத் தையல் மடிப்பு அப்படியே சிவந்த கோடாகப் பதிந்திருந்தது. அன்று அதற்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. சாக்ஸைத் தவிர எதுவும் பூட்ஸுக்குள் போகக் கூடாது.

கடையில் ஒரு படிவம் தருவார்கள். எடை, உயரம், வயது, எந்த வகை ஓட்டுநர் என்று கேட்பார்கள். இதையும் பூட்ஸின் அடிநீளத்தையும் வைத்துத்தான், பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங் எந்த விசையில் கழல வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாமல் கழலும். "கொஞ்சம் தெரியும்" என்று பெருமைக்குக் குறித்தால், விழும்போது கழல வேண்டியது கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். தொடக்க நிலை என்றே குறியுங்கள்.

பலகை உங்கள் முகவாய் உயரத்துக்கு இருந்தால் போதும். குட்டையான பலகை சுலபமாகத் திரும்பும்.

6. பாஸ்: முழு நாள் வேண்டாம்

தொடக்கக்காரர்களிடம் நான் பார்க்கும் பெரிய வீண்செலவு இதுதான். கொஞ்சம் பெரிய இடங்களில் ஒரு நாள் பாஸ் 50 யூரோவை ஒட்டி இருக்கும், ஆஸ்திரியாவின் பெரிய இடங்களில் 70-ஐத் தாண்டும். அதை வாங்கிக்கொண்டு பயிற்சிச் சரிவில் ஆளை மேலே கொண்டுபோகும் நகரும் கம்பளத்திலேயே நாள் முழுக்க ஏறி இறங்கியவர்கள் ஏராளம்.

கவுண்டரில் பயிற்சி லிஃப்டுக்கு மட்டும் தனிச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் புள்ளிக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ கொடுப்பார்கள். விலைப்பட்டியலில் பெரிதாகக் காட்டுவது நாள் பாஸைத்தான், மற்றதை வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள். மூன்றாம் நாள் மேலே போகும்போதும் மதியத்துக்கு மேல் தொடங்கும் அரை நாள் பாஸ் போதும். புதியவரின் கால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. களைத்த காலில்தான் விபத்து நடக்கிறது.

பாஸ் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் வரும், அதற்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும். அடுத்த முறைக்கு அதையே ரீசார்ஜ் செய்யவும் முடியும். அட்டையை இடதுபக்கப் பாக்கெட்டில், போன் இல்லாத பாக்கெட்டில் வையுங்கள். லிஃப்ட் வாசல் கதவின் சென்சார் இடதுபுறம் இருக்கும். வலது பாக்கெட்டில் வைத்துவிட்டு, பின்னால் இருபது பேர் நிற்க இடுப்பை வளைத்து வளைத்துக் காட்டுவது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்.

7. வகுப்பு: இதற்குச் செலவழியுங்கள்

பாஸில் மிச்சம் பிடித்த பணத்தை அரை நாள் குழு வகுப்பில் போடுங்கள். ஆங்கிலத்திலும் சொல்லித்தருவார்கள், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மியூனிக் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு இசட்.எச்.எஸ். என்கிற பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பில் ஸ்கீ வகுப்புகள் உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பும், அறிவிப்பைப் பார்த்து உடனே பதிவு செய்யுங்கள்.

"என் நண்பனுக்கு ஸ்கீ தெரியும், அவனே கற்றுக்கொடுப்பான்" என்பது மிச்சம் போலத் தோன்றும். நன்றாக ஓட்டும் நண்பனுக்கு நீங்கள் ஏன் விழுகிறீர்கள் என்று தெரியாது, "முழங்காலை மடக்கு" என்று மட்டும் கத்துவான். நானும் அந்த நண்பனாக இருந்திருக்கிறேன். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் கற்றுக்கொடுப்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

8. சரிவில் முதல் ஒரு மணி நேரம்

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு மணி நேரம் சமதளத்தில் பழகிவிட்டால், வகுப்பின் நேரம் உண்மையான பயிற்சிக்குக் கிடைக்கும்.

முதலில் பூட்ஸ் மட்டும் போட்டு நடங்கள். குதிகால் முதலில் பதிய நடக்க வேண்டும். அப்புறம் ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டி, மற்றக் காலால் தள்ளி வழுக்குங்கள். மாட்டும் முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் குச்சியால் தட்டிவிட வேண்டும். பனி ஒட்டியிருந்தால் பைண்டிங் சரியாகப் பூட்டாது. "பலகை கெட்டுவிட்டது" என்று புகார் சொன்னவர்களில் பெரும்பாலோரின் பிரச்சினை இந்தப் பனிதான்.

அடுத்து இரண்டு பலகையையும் மாட்டி, சரிவுக்குக் குறுக்காக நின்று பக்கவாட்டில் படியேறுவது போல நாலு அடி ஏறுங்கள். விழுந்தால் எழும் முறையும் இதில்தான் இருக்கிறது. பலகைகள் கீழ்நோக்கி இருந்தால் எழவே முடியாது, எழ எழ வழுக்கும். உட்கார்ந்தபடியே பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, மேல்பக்கக் கையை ஊன்றி எழுங்கள். எழவே வராவிட்டால் மேல்பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு எழுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு நிறுத்தப் பழகுவது. பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை வெளியே தள்ளி, தலைகீழ் "வி" போல ஆக்குவது. நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் முகம் குப்புற விழுவீர்கள், ஒரு கையளவு இடைவெளி விடுங்கள்.

இதில் மனம் ஒரு வேலை செய்யும். வேகம் கூடியதும் பயத்தில் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் எடையில்லாமல் மிதக்கும். முன்பக்கம் பனியைக் கடிக்காவிட்டால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது, வேகம்தான் இன்னும் கூடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். முதல் நாளில் இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும்.

முக்கியமான சரிவு விதி: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலக வேண்டும். நிற்க வேண்டும் என்றால் ஓரத்தில் நில்லுங்கள், மேட்டுக்கு மறுபுறம் மறைவாக நிற்காதீர்கள். அவசர உதவிக்கு 112, ஆஸ்திரிய மலைகளில் 140.

9. லிஃப்டில் ஏறுதல்

நகரும் கம்பளத்தில் சிக்கல் இல்லை, முழங்காலைத் தளர்த்தி நின்றால் போதும். இழுவை லிஃப்டில்தான் எல்லாரும் விழுவார்கள். அதன் கம்பியில் தொங்கும் தட்டோ நங்கூர வடிவக் கட்டையோ பின்னால் வந்து தொட்டதும் நாற்காலி என்று நினைத்து உட்காருவார்கள். அது உங்களை இழுக்கத்தான், தாங்க அல்ல. நின்றபடியே இழுபட வேண்டும். விழுந்தால் கம்பியை விட்டுவிட்டு உடனே தடத்திலிருந்து பக்கவாட்டில் உருண்டு விலகுங்கள், பின்னால் அடுத்தவர் வந்துகொண்டிருப்பார்.

மேலே போகும்போது வண்ணத்தைப் பாருங்கள். இங்கே நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். ஏறுவதற்கு முன்பே, இறங்க நீலப் பாதை அடிவாரம் வரை திறந்திருக்கிறதா என்று வரைபடத்தில் உறுதி செய்யுங்கள். மேலே நீலமும் கடைசித் துண்டு மட்டும் சிவப்புமாக இருக்கும் மலைகள் உண்டு. அப்படி இருந்தால், கேபிள் கார் இறக்கத்திலும் ஏற்றிக்கொள்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

10. சாப்பாடு

கையில் கொண்டுபோங்கள். சாதம் குளிரில் விறைத்து அரிசிமணியாகிவிடும், புளியோதரை நினைப்பை விடுங்கள். சப்பாத்தியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி, ஃபாயிலில் மடித்து, ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வைத்தால் மதியம் வரை இளஞ்சூடாக இருக்கும். மலைக் குடில்களுக்குள் சொந்தச் சாப்பாடு பிரிக்க விடமாட்டார்கள், வெளியே பெஞ்சில் சாப்பிடலாம்.

11. சொந்தமாக வாங்குவது எப்போது

ஐந்தாறு நாள் ஓட்டிய பிறகு, முதலில் பூட்ஸ் மட்டும் வாங்குங்கள். பலகை வாடகையே போதும்.

இலையுதிர் காலத்தில் ஸ்கீ கிளப்களும் பள்ளிகளும் ஸ்கீபஸார் என்ற பழைய ஸ்கீ பொருள் சந்தை நடத்தும். என் முதல் சந்தையில் 40 யூரோவுக்குப் பலகை வாங்கி அன்று முழுக்கக் குதூகலித்தேன். பைண்டிங்கைச் சரிசெய்யக் கடைக்கு எடுத்துப் போனால், கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாடல் ரொம்பப் பழசு, நான் கை வைக்க மாட்டேன் என்றார். தயாரிப்பாளர் இனி பொறுப்பேற்காத பைண்டிங்கைக் கடைகள் தொடாது. அந்தப் பலகை இப்போது பால்கனியில் தக்காளிச் செடிக்கு முட்டு.

அதனால் பணம் கொடுக்கும் முன் மாடல் பெயரை போட்டோ எடுத்து ஒரு கடைக்கு அனுப்பிக் கேளுங்கள். பழைய பூட்ஸில் பக்கிள் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். பத்து வருடம் தாண்டிய பிளாஸ்டிக் சரிவிலேயே நொறுங்கிவிடலாம். அடிப்பாகம் தட்டையான பழைய வகையா, வளைந்த ரப்பர் பதித்த கிரிப்வாக் வகையா என்றும் கவனியுங்கள். கிரிப்வாக் பூட்ஸ் எல்லா பைண்டிங்கிலும் பொருந்தாது.

அளவு பார்க்க உள்பூட்ஸை உருவிவிட்டு வெளிப்புறப் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் மட்டும் காலை விடுங்கள். விரல்கள் முன்னால் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரையிலிருந்து இரண்டு செண்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி.

12. வீடு திரும்பியதும்

அன்றிரவே உள்பூட்ஸை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் உருமாறிவிடும், அறை ஓரம் போதும். காய்ந்த பின் உள்ளே வைத்து, பக்கிளை லேசாகப் பூட்டி வையுங்கள். திறந்தபடி விட்டால் ஓடு விரிந்து வடிவம் மாறிவிடும். சொந்தப் பலகை இருந்தால் இரும்பு விளிம்பை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள், ஒரே இரவில் துருப்பிடிக்கும். பையில் சுற்றி நிலவறையில் போட்டு ஏப்ரலில் எடுத்தவர்களின் பலகையை ஸ்கீபஸாரில் பார்த்தாலே தெரியும், விளிம்பு முழுக்கக் காவி நிறம்.